உபவாசமும் மாத்திரைப் பெட்டியும்



சபையில் உபவாச ஜெபம் என்று அறிவித்தவுடன் முதலில் ஆயத்தமாகிறவர்கள் நம் அம்மா அப்பாமார்தான். அவர்களில் பலருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சிலர் அன்றைக்கு மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மருந்தை வழக்கம்போல எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறார்கள். இரண்டும் ஆபத்து என்பதைத் தாதியராகவும் சபையின் பிள்ளைகளாகவும் இருக்கும் நாங்கள் சொல்லியே ஆகவேண்டும்.

இன்சுலினும் சில மாத்திரைகளும் வயிறு வெறுமையாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சீனியைக் குறைத்துக்கொண்டே போகும். ஜெப வேளையில் ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் அது வெறும் களைப்பு அல்ல. உடனே ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சீனியின் அளவைப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கள்.

"விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் ஜெபத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அந்நாளில் மருந்தாகக் கருதப்பட்டதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நம் முன்னோருக்குச் சுவிசேஷமும் மருந்தும் ஒரே கையிலிருந்துதான் வந்தன. நாம் வாழும் இந்த ரொறொன்ரோவில்தான் 1921இல் பான்ரிங்கும் பெஸ்ரும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக 14 வயது லெனாட் தொம்சனுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மரணத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த மருந்தைக் கர்த்தரின் இரக்கம் என்று ஏற்றுக்கொள்வதும் விசுவாசம்தான்.

உபவாசம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே குடும்ப வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்காக நாம் தொலைபேசியை எடுக்கலாம். மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், முதியோர் வேறு விதமாக உபவாசிக்கலாம் என்று சபை அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், சாப்பிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் அவர்கள் பட்டினி கிடப்பார்கள். ஒரு நாள் கைத்தொலைபேசியை விடலாம், தொடர் நாடகத்தை விடலாம், ஒரு வேளைச் செலவை உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58இல் கர்த்தர் காட்டுகிறார் அல்லவா?

உபவாசம் முடிந்தபின் மேசையில் என்ன வைக்கிறோம்? றோல்ஸ், கேக், சீனி கூடிய தேநீர். அங்கே கடலையும் பழமும் சீனி போடாத தேநீரும் இருக்கட்டும். இது பெற்றோருக்காக மட்டுமல்ல. தெற்காசியருக்கு இந்த வருத்தம் இளவயதிலேயே, உடல் பருக்காமலே வரக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் நாற்பது வயதுவரை காத்திராமல் இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்த உபவாச ஜெபத்துக்கு முன், வீட்டிலுள்ள மாத்திரைப் பெட்டியை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். அவர்களை நீண்ட காலம் நம்மோடு வைத்திருக்கும்படி ஜெபிக்கிற நாம், அதற்கு வேண்டியதையும் செய்வோமாக. கர்த்தர் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.