தலைப்பு கிடைக்கிறது, சான்றுதான் இல்லை

கல்லூரியில் தமிழ் இலக்கிய ஆய்வுக் கட்டுரை எழுதும் மலாக்கா மாணவர்கள் சங்கப் பாடலை எடுத்துக்கொண்டால் நூல்களுக்குக் குறைவில்லை. தோட்டச் சிறுகதையை எடுத்தால்தான் திண்டாட்டம். இணையத்தில் கிடைக்கும் அதே நாலு வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896இல் உருவான மாநிலத்தில் இது வேடிக்கைதான்.

தோட்டக் கதைகள் பலவும் முதலில் அச்சேறியது நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது.

இராம சுப்பையா தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’விலிருந்து தேடலைத் தொடங்கலாம். மலேசியா, சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. ஆய்வுக்கு இதைவிட நல்ல வாசல் குறைவு. 1935இல் பிறந்த தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது. பிரிவினைக்கு முந்திய மலாயாச் செய்திகளும் அதில் உண்டு. தேதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதி, வீடுகளில் இருக்கிறது. தோட்டம் மூடி வீடு மாறும்போது பழைய தாள்கள் எடைக்குப் போய்விடுகின்றன. ஜாசினிலோ அலோர்காஜாவிலோ தாத்தாவின் அலமாரியில் ஞாயிறு பதிப்புகள் இருந்தால், கதையை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். தேதியும் பக்க எண்ணும் இல்லாத நறுக்கை விரிவுரையாளர் சான்றாக ஏற்கமாட்டார்.