தாழ்த்திய காருக்கு எந்தச் சக்கரம்?

காரைக் கொஞ்சம் தாழ்த்தி, நல்ல அலாய் வீல் மாட்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை இன்றைய இளைஞர்களில் பலருக்கு உண்டு. அது தவறான ஆசை என்று சொல்லிவிட முடியாது. நல்ல சட்டை போட்டுக்கொள்வது போலத்தான் அதுவும். ஆனால் சட்டை எடுக்கும்போது தோள் அளவு பார்க்கிறவர்கள் சக்கரம் எடுக்கும்போது மட்டும் அளவு பார்ப்பதில்லை. டிசைனைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், நாலு துளையும் ஒத்துப்போகிறதா என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அதெல்லாம் ஏறிடும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஏறிவிடும் என்பது உண்மைதான். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு!

பெரும்பாலான வீடுகளில் அந்தக் கார் பையனுடையது கிடையாது. அப்பா மாதத் தவணை கட்டி வாங்கியது. வார நாட்களில் பையன் தனியாக ஓட்டும்போது எந்தச் சத்தமும் வராது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பாட்டியும் தங்கையும் பின் சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போகும்போதுதான், வேகத்தடையில் இறங்கியதும் பின்பக்கம் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். மட்கார்டின் தகர விளிம்பு டயரைச் சீவும் சத்தம் அது. ஒரு முறை சீவினால் கோடு விழும். தினமும் சீவினால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துகொண்டே வரும். அது எந்த இடத்தில், எந்த வேகத்தில் கிழியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சக்கரம் பொருந்துகிறதா என்பதை வாசலில் நிற்கும் வெறும் காரை வைத்து முடிவு செய்வது தப்புக் கணக்கு.

ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். 2018 முதல் 2024 வரை இந்தியாவில் விற்ற மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளலாம். நாலு நட்டு; அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. இதைத்தான் பி.சி.டி. 4×100 என்கிறார்கள். ஹப்பின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் வட்டம் 54.1 மி.மீ. குறைந்த விலை மாடல்களில் 165/80 ஆர்14 டயர், உயர்ந்த மாடலில் 185/65 ஆர்15 டயர். தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி 163 மி.மீ. கடைக்காரர் பார்ப்பது பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும்தான்.

கடையில் பேசப்படாத எண் ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதன் பெயர் ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். ஹப்பில் போய் ஒட்டும் முகத்துக்கும் இந்த நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். சக்கரத்தின் பின்புறத்தில் ஈ.டி.45, ஈ.டி.38 என்று பொறித்திருப்பார்கள். எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். அவ்வளவுதான், இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழைய சக்கரம் 5.5 அங்குல அகலம், ஈ.டி.45 என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் பாதி சுமார் 70 மி.மீ. அதில் 45-ஐக் கழித்தால் 25. அதாவது ஹப் முகத்திலிருந்து வெளிப்பக்கம் 25 மி.மீ. உள்பக்கம் 70-உம் 45-உம் சேர்ந்து 115 மி.மீ. இப்போது கடையில் அழகாக இருக்கிறது என்று 7 அங்குல அகலம், ஈ.டி.35 எடுத்தால் பாதி அகலம் 89. வெளிப்பக்கம் 54, உள்பக்கம் 124. ஆக, பழையதைவிட வெளியே 29 மி.மீ. வந்துவிட்டது, உள்ளேயும் ஷாக் அப்சார்பர் பக்கம் 9 மி.மீ. நெருங்கிவிட்டது. 29 மி.மீ. என்பது ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். தாழ்த்தாத காரிலேயே இது தகராறு. தாழ்த்திய காரில் கேட்கவே வேண்டாம்.

அதே இடத்தில் 6 அங்குல அகலம், ஈ.டி.45 எடுத்திருந்தால் இரு பக்கமும் சுமார் 6 மி.மீ. மட்டுமே கூடியிருக்கும். பார்வைக்கும் சக்கரம் உள்ளே ஒடுங்கித் தெரியாது. இந்தக் கணக்குக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும், இரண்டு நிமிட வேலை. சில பத்தாயிரம் ரூபாய் செலவழிக்கும் விஷயத்தில் இரண்டு நிமிடம் செலவழிக்காதது ஏன் என்றுதான் புரியவில்லை!

சரி, தாழ்த்துவதால் என்ன மாறுகிறது? சக்கரம் மேலே போய் முட்டும் இடம் மாறுவதில்லை. பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் எந்த உயரத்தில் இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கார் 40 மி.மீ. கீழே உட்கார்ந்துவிட்டதால், அந்த இடத்துக்குப் போக சக்கரத்துக்கு 40 மி.மீ. குறைவான தூரம் போதும். முன்பு எப்போதோ பெரிய பள்ளத்தில் மட்டும் நடந்த ஒன்று இப்போது ஒவ்வொரு தெருவிலும் நடக்கும். ஸ்விஃப்டின் பின்பக்கம் டார்ஷன் பீம் அமைப்பு. இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்து மேலே போகும்போது அவை உள்ளே சாய்வதில்லை, நேராகவே ஏறுகின்றன. ஆகவே வெளியே துருத்தும் டயர் நேராகப் போய் மட்கார்டு விளிம்பில் முட்டும். முன்பக்கத்தில் வேறு பிரச்சினை. அங்கே ஸ்டியரிங்கும் திரும்புகிறது. நேராக நிற்கும்போது எங்கும் படாத டயர், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, பிரேக்கும் போட்டால் உள் பிளாஸ்டிக்கில் உரசும்.

இதற்குப் பட்டறைகளில் சொல்லும் வைத்தியம் மட்கார்டு விளிம்பை உருட்டி மடித்துவிடுவது. வெப்பக் காற்றால் பெயின்ட்டை இளக்கி, உருளையால் மெதுவாக மடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தால் நன்றாகவே இருக்கும். சுத்தியலால் தட்டி மடிப்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட் வெடிப்பில் துரு எட்டிப்பார்க்கும். அதைவிட மோசம் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அறுத்துவிடுவது. செலவு குறைவுதான். ஆனால் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், அறுத்த முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறவும் கூடும். அறுத்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற சக்கரம் என்று உலகத்தில் எதுவும் இல்லை.

டயர் அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. வேறு எந்த அளவுக்குப் போனாலும் இந்த எண்ணை ஒட்டியே இருக்க வேண்டும். 195/60 ஆர்15 என்றால் 615, 195/55 ஆர்16 என்றால் 621. இரண்டும் பரவாயில்லை. 205/40 ஆர்17 போட்டால் 596-க்கு இறங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டும் என்பது சின்ன விஷயம். டயரின் உயரம் 25 மி.மீ. குறைந்தால் கார் மேலும் 12 மி.மீ.க்கு மேல் தரையை நெருங்கும், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டயரின் சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். 88 என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயரோடு நம் ஊர்ப் பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்குவது டயர் இல்லை, ரிம்தான். 17 அங்குலம் ஸ்விஃப்டுக்குத் தேவையே இல்லாத ஒன்று. 15 அங்குலம், 6 அங்குல அகலம், பழையதை ஒட்டிய ஆஃப்செட் - இதுவே அந்தக் காருக்குச் சரியான சக்கரம்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதை இதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் தாழ்த்திவிடுகிறார்கள், பிறகு எந்தச் சக்கரம் உள்ளே நுழையும் என்று தேடுகிறார்கள். இந்தியச் சாலை காங்கிரஸ் வகுத்த விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கான அளவு அது. 163 மி.மீ. இடைவெளியில் 50-ஐக் குறைத்தால் மிச்சம் 113. இதில் ஐந்து பேர் ஏறினால் எவ்வளவு மிஞ்சும்? விதிப்படி போட்ட வேகத்தடையே இந்தப் பாடு என்றால், தெருவாசிகள் தாங்களாகவே கல்லும் சிமென்ட்டும் போட்டுக் கட்டிய வேகத்தடையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. 25 முதல் 30 மி.மீ. வரை தாழ்த்தினால் பார்வைக்கும் வித்தியாசம் தெரியும், காரும் வீடு வந்து சேரும். தாழ்த்திய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துபோகும்.

கண்காட்சிக்காக டயரை அகலமான ரிம்மில் இழுத்து மாட்டி, சக்கரத்தை உள்பக்கம் சாய்த்து, தரையோடு தரையாக வைக்கிறவர்களும் உண்டு. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும் காருக்கு அது சரி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு தினம் கல்லூரிக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் போகிற காரில் அதைச் செய்யப் பார்ப்பதில்தான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே அதே காரின் உயர்ந்த மாடலுக்கு நிறுவனமே கொடுக்கும் டயர் அளவைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பான வழி. 14 அங்குலத்தோடு வந்த காருக்கு 185/65 ஆர்15 மாட்டுவது அப்படிப்பட்ட ஒன்று. என்ன மாற்றம் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

பழைய சக்கரம் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய அலாய் வீல் கிடைத்தால் ஸ்விஃப்ட்காரர்கள் உடனே கை நீட்டுவார்கள், ஏனென்றால் அதுவும் 4×100. ஆனால் ஹோண்டாவின் நடுத்துளை 56.1 மி.மீ., ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. இடையே உள்ள 2 மி.மீ. இடைவெளிக்கு ஹப் வளையம் போடாவிட்டால் சக்கரம் சரியாக நடுவில் உட்காராமல், வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. நட்டும் வேறு. ஹோண்டா சக்கரத்தில் நட்டு உட்காரும் குழி உருண்டையானது, ஸ்விஃப்டின் நட்டு கூம்பு வடிவம். கூம்பை உருண்டைக் குழியில் இறுக்கினால் மெல்லிய வளையம் போல ஓர் இடத்தில் மட்டும்தான் பிடிக்கும். ஓட ஓடத் தளரும். ஹோண்டாவின் நட்டையே கேட்டு வாங்கிவிடலாமா என்றால் அதன் மரை 1.5 மி.மீ., சுசுகியின் மரை 1.25 மி.மீ. பலவந்தமாக ஏற்றினால் போல்ட் கெட்டுவிடும். 1.25 மரையும் உருண்டை அடியும் உள்ள நட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது அந்தச் சக்கரத்தை மறந்துவிட வேண்டும். புதுச் சக்கரம் என்றால் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையோடு வி.ஐ.ஏ. என்பதும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. முதலாவது தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, இரண்டாவது வெளியார் சோதித்துக் கொடுப்பது.

பணம் கொடுப்பதற்கு முன், டயர் போடாத வெறும் ரிம்மை ஒரு முன் சக்கரத்திலும் ஒரு பின் சக்கரத்திலும் மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். பிரேக்கிலும் ஷாக் அப்சார்பரிலும் படுகிறதா என்று தெரிந்துவிடும். டயர் போட்டபின் அதன் தோள்பட்டையில் சாக்பீஸ் பூசி, ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு வேகத்தடையைக் குறுக்காக மெதுவாகத் தாண்டினால் போதும். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. புதுச் சக்கரத்துக்கு வேறு வகை நட்டு போட்டிருந்தால், டிக்கியில் கிடக்கும் பழைய இரும்புச் சக்கரத்துக்கு அந்த நட்டு ஆகாது. பழைய நட்டு நாலையும் ஒரு துணிப்பையில் முடிந்து ஸ்டெப்னியோடு போட்டு வைக்க வேண்டும். கழற்றிய நாலு சக்கரங்களையும் கடைக்காரர் சொல்லும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாமல் மாடியில் ஓரமாக வைத்திருந்தால், காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.