இதர செலவு

1996ஆம் ஆண்டு அக்டோபர் கடைசி வாரம். பத்தாயிரம் ரூபாயைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரோம்பேட்டையை ஒட்டிய நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் அப்போது நான் கணக்கர். பச்சைத் தோலுக்கு ஒரு பக்கம், உப்புக்கு ஒரு பக்கம், சுண்ணாம்பு, குரோம், கூலி, லாரி வாடகை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "இதர செலவுல போடுய்யா" என்றார். போட்டேன்.

அது அபராதம். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பாலாற்றைத் தோல் ஆலைகள் பாழாக்கியது பற்றிய வழக்கு அது. ஆனால் தண்டம் வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி மாவட்டங்களோடு எங்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துக்கும் சேர்த்தே விழுந்தது. ஆலை சிறிதோ பெரிதோ, தலைக்குப் பத்தாயிரம். அக்டோபர் 31க்குள் கலெக்டர் அலுவலகத்தில் கட்டியாக வேண்டும். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்த தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப் பணமும் நான் எழுதியிருக்கிறேன். அது இனி ஓடப்போகும் தண்ணீருக்கு. ஏற்கெனவே கெட்டுப்போன தண்ணீருக்கென்று என் பேரேட்டில் ஒரு வரி விழுந்தது அந்த ஒரு முறைதான். அந்த வரியிலும் தண்ணீரின் பெயரை நான் எழுதவில்லை.

குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. சாமி பெயரிலும் மரத்தின் பெயரிலும் ஊர்கள் இருக்கும் நாட்டில், ரசாயனத்தின் பெயரில் எங்களுக்கு ஓர் ஊர். ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். அழுகாமல் இருக்கத் தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீத அளவுக்கு உப்பைத் தடவித்தான் கொண்டுவருவார்கள். உப்பை உதறி, ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, டிரம்மில் குரோம் ஏற்றினால் வெளிர்நீலமாக வெளியே வரும். 'வெட் ப்ளூ' என்பார்கள். என் மேஜைக்கு அருகில் இருந்த ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால். அதைப் பார்த்தே உள்ளே அன்று என்ன வேலை என்று சொல்லிவிடுவேன். வெள்ளையாக ஓடினால் சுண்ணாம்பு, நீலமாக ஓடினால் குரோம். கண்ணுக்குத் தெரியாமல் ஓடியது உப்பு. மூன்றிலும் பொல்லாதது அதுதான். குரோமை வீழ்படிவாக்கிப் பிடித்துவிடலாம். உப்பு தண்ணீரோடு கரைந்து நிலத்துக்குள் இறங்கிவிடும். ஆர்.ஓ. வைத்துப் பிரித்தாலும் கடைசியில் மூட்டை மூட்டையாக உப்புதான் மிஞ்சும், வாங்க ஆள் இருக்காது.

ஆலையை மூடு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. அந்தச் சம்பளத்தில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். பல்லாவரத்திலும் பம்மலிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது தோலால்தான். நான் கேட்பது கணக்கை மட்டும்.

ஓய்வு பெற்றதும், 2013இல், முடிச்சூரில் வீடு கட்டினேன். "ரிங் ரோடு வருது சார், திறந்துட்டாங்கன்னா இந்த விலைக்குக் கிடைக்காது" என்றார் மனை புரோக்கர். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. முதல் கட்டம் அடுத்த வருடமே திறந்தும்விட்டார்கள். பத்திரச் செலவு எவ்வளவு, பட்டா தனியாக வருமா, பஸ் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டேன். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதில் 2015 டிசம்பர் 1 இரவு வாசற்படி ஏறி வந்தது. மறுநாள் காலை எட்டரை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. மொட்டை மாடியில் இரவைக் கழித்துப் படகில் இறங்கினோம். ஊர் முழுக்கச் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேச்சு. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், சோமங்கலம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்.

அந்தத் தண்ணீருக்குப் பழகிய வழி ஒன்று இருந்தது. ஏரி நிறைந்தால் கலங்கலில் வழியும், போக்குக்காலில் ஓடும், அடுத்த ஏரியை நிரப்பும், மிச்சம் வயலில் பரவி நின்று சாவகாசமாக ஆற்றில் இறங்கும். வயல் மனையானது, என்னுடையதும் சேர்த்து. போக்குக்கால் தெருவானது. குறுக்கே மேட்டுச் சாலை எழும்பியது. பரந்து போன வெள்ளத்துக்குச் சாலைக்கு அடியில் விட்ட சில கண்கள்தான் வழி என்றானது. அந்தக் கண்களிலும் சம்பு முளைத்து, பிளாஸ்டிக் அடைத்தால்? பல்லாவரத்துக்கும் துரைப்பாக்கத்துக்கும் இடையே ரேடியல் ரோட்டில் போகிறவர்கள் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாலே போதும். பல்லாவரம் பெரிய ஏரியை அந்தச் சாலை இரண்டாக வகிர்ந்து கிடக்கிறது.

என் மனைவி பழைய பள்ளிக்கூட நோட்டில் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். தண்ணீர் வடிந்ததும் உட்கார்ந்து எழுதினாள். ஃபிரிட்ஜ். மோட்டார் காயில் கட்டியது. கட்டில், மெத்தை இரண்டு. ஒயரிங். சேறு வாரிய ஆட்களுக்குக் கூலி. மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஓர் ஆலை 1996இல் கட்டிய தண்டத்தைப்போல் பதினோரு மடங்கு. அன்றைய பத்தாயிரமும் இன்றைய பத்தாயிரமும் ஒன்றாகாது என்பது கணக்கனுக்குத் தெரியாதா? விலைவாசியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஆலையைவிட அதிகம் கட்டியது எங்கள் வீடுதான். பக்கத்தின் மேலே தலைப்பு எழுதியிருந்தாள்: 'ஏரித் தண்ணிச் செலவு'. பத்தாவதோடு நின்றவள். என்னைவிடச் சரியாகத் தலைப்புப் போட்டிருந்தாள்.

அந்த நோட்டில் இன்றும் பற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. குடிக்கக் கேன் தண்ணீர். கிணற்று நீருக்கு ஃபில்டர். கழிவுத் தொட்டி நிறைந்தால் லாரி. உறிஞ்சிக்கொண்டு போகும் லாரி எங்கே கொட்டுகிறது என்று நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ராத்திரியில் ஆற்றோரம் நின்றால் தெரியும். அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடும் ஆறு. அதன் முகத்துவாரத்தில் 2011இல் தொல்காப்பியப் பூங்கா அமைத்தார்கள், நல்ல காரியம். தலைப்பக்கத்தில் இருக்கும் எங்களுக்குக் கிடைத்தது லாரி.

கெட்ட பிறகு வசூலிப்பது என்பது நடக்கிற காரியமில்லை. அதே பாலாற்றுக்காக, அதே தோல் ஆலைக் கழிவுக்காக, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். எனவே செலவை முதலிலேயே எழுத வேண்டும். இப்போது வெளிவட்டச் சாலைக்கும் வெளியே இன்னொரு வட்டம் வருகிறது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 132 கிலோமீட்டர். ஏரிகள் நிறைந்த பழைய செங்கல்பட்டுச் சீமையைக் குறுக்கே கடக்கும் சாலை அது. எந்த ஏரியின் கலங்கலை அது கடக்கிறது, எந்தப் போக்குக்காலுக்கு எத்தனை கண், ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் அதைத் தூர்வார யார் பொறுப்பு, பணம் எவ்வளவு என்று தமிழில் எழுதி ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டட்டும். ஆலை இருக்கும் தெருக்களில் கிணற்று நீரின் உப்பு அளவையும் ஆண்டுதோறும் அப்படியே ஒட்டட்டும். ஒரு திட்டத்தின் மதிப்பீட்டில் தார், ஜல்லி, நில எடுப்புக்கு எல்லாம் தலைப்பு இருக்கும்போது தண்ணீருக்கு ஏன் இருக்கக்கூடாது?

அந்தச் சாலை வழியில் மனை பார்க்கப் போகிறவர்களுக்கும், கிராம சபைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையையும் பட்டாவையும் விசாரித்த பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "ஏரி நிறைஞ்சா கலங்கல் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். நான் கேட்காமல் போட்டேன்.