விமானியின் இருக்கையும் வீண் நியாயங்களும்

பெண்ணுக்குக் கல்வியே வேண்டாம் என்று இன்று வாய்விட்டுச் சொல்வார் அரியர். "படிக்கட்டும், ஆயினும், இத்துணைப் பொருளைச் செலவிட்டு இத்தகைய தொழிலுக்குப் பயிற்றுவானேன்? நாளை மணமாகிப் பிள்ளை பெற்றால் அத்தனையும் வீணன்றோ?" என்பாரே மிகுதி. இதே நியாயம் ஆஸ்திரேலியாவில் நீதி மன்றம் ஏறித் தோற்ற வரலாற்றை அவர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

டெபோரா வார்ட்லி என்ற பெண்மணி அந்நாட்டின் மெல்போர்ன் நகரில் பிறருக்கு விமானம் ஓட்டக் கற்பித்த ஆசிரியை. (டெபோரா லாரி என இன்று அறியப்படுபவர் அவரே.) 1976-இல் அவர் ஆன்செட் விமான நிறுவனத்தில் விமானியாக விண்ணப்பித்தார். 1978-இல் மறுக்கப்பட்டார். உடனே விக்டோரியா மாநிலத்தின் சமவாய்ப்பு வாரியத்தில் முறையிட்டார்.

நிறுவனம் சொன்ன நியாயங்களை நோக்குமின். பெண்கள் நல்ல விமானிகளாக இருக்க முடியாது என்று அது கூறவில்லை. இருக்கக்கூடும் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆயினும், ஆண்கள் மட்டும் ஓட்டுவதே அதிகப் பாதுகாப்பு என்றது. திறமையை ஒப்புக்கொண்ட பின்னர் எஞ்சி நிற்கும் ஆபத்து யாது? அடுத்து, பிள்ளைப்பேற்றினால் பணி தடைப்படும், பயிற்சிச் செலவு வீணாகும் என்றது. பயிற்சி பெற்ற ஆண் நோயுறுவதில்லையா? கூடுதல் ஊதியம் கண்டு வேறு நிறுவனத்துக்குச் செல்வதில்லையா? அவனைச் சேர்க்கும்போது இக்கணக்கை எவரும் பார்ப்பதில்லை. பெண் வாயிலில் நின்றால் மட்டும் கணக்கேடு விரிகிறது!

1979-இல் வாரியம் வார்ட்லியின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் அடங்கவில்லை. விமானிகளுக்குரிய கூட்டாட்சித் தொழில் ஒப்பந்தத்தோடு மாநிலச் சட்டம் முரண்படுகிறது. ஆதலின் அச்சட்டம் தம்மைக் கட்டாது என உயர் நீதி மன்றத்தில் வாதாடியது. அவ்வாதத்தையும் 1980 மார்ச்சில் அம்மன்றம் நால்வர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையால் தள்ளியது. அதற்கு முன்னரே, ஜனவரியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டார்வினுக்குப் பறந்த ஃபாக்கர் விமானத்தில் வார்ட்லி துணை விமானியாக அமர்ந்துவிட்டார்.

பின்னர் நிகழ்ந்ததென்ன? ஆன்செட் நிறுவனம் 2001-இல் நொடித்து வீழ்ந்தது. எந்தப் பெண்ணின் பிள்ளைப்பேறும் அதனை வீழ்த்தவில்லை. அந்நிறுவனம் இடையில் நின்றுவிடுவார் என்று அஞ்சிய பெண்மணியோ அது வீழ்ந்த பின்னரும் பிற நிறுவனங்களில் விமானம் ஓட்டினார்.

பயணிகளின் உயிர் பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. பெரிதென்பதாலேயே தேர்வும், பறந்த மணிக்கணக்கும், மருத்துவச் சோதனையும் ஏற்பட்டுள்ளன. அவற்றில் தேறாதவர் ஆணாயினும் விலகட்டும். தேறியவர் பெண்ணாயினும் அமரட்டும். இதுவே நேர்மையான அளவுகோல்.

எல்லாப் பெண்களும் விமானம் ஓட்டுக என நாம் கூறவரவில்லை. மகளின் படிப்புக்குப் பணம் எடுக்கையில், 'வீண்' என்ற சொல் நாவில் எழுமாயின், அதே சொல்லை மகனுக்காக ஒருமுறையேனும் சொன்னோமா எனப் பெற்றோர் தம்மைத் தாமே வினவிக்கொள்க. இல்லை என்பது விடையாயின், அது செலவுக் கணக்கன்று, ஓரவஞ்சனை.