கவசமா, காட்சிப் பொருளா?

வீரம் ஆடவரின் தனியுடைமை என்று முழங்கி வந்தவர்கள் இன்று சற்றே இறங்கி வந்திருக்கிறார்கள். பெண்ணும் வாளேந்தலாம், வானில் பறக்கலாம், பகைவர் கூட்டத்தைப் பந்தாடலாம் என்று படக்கதை வணிகரும் திரைப்பட முதலாளிகளும் ஒப்புக்கொண்டுவிட்டனர். மகிழ்ச்சி! ஆனால் தோழர்களே, அந்த ஒப்புதல் பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை பொறிக்கப்பட்டிருக்கிறது: ‘பலசாலியாக இரு, ஆனால் பார்ப்பவன் கண்ணுக்கு விருந்தாகவும் இரு!’ அந்த நிபந்தனையை எழுதியவர் யார், அதனால் இலாபம் அடைபவர் யார் என்பதே இன்று நாம் எழுப்பும் வினா.

வினாவுக்குச் சான்று வேண்டுமல்லவா? உலகமே கண்ட சான்று ஒன்று உண்டு.

2016ஆம் ஆண்டு. ஐக்கிய நாடுகள் மன்றத்துக்குப் புதிய பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் காலம். அதுவரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஆடவர். ஒன்பதாவது முறையேனும் ஒரு பெண் அமரட்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. போட்டியிட்ட 13 பேரில் 7 பேர் பெண்கள். நாட்டை ஆண்டவரும், உலக நிறுவனத்தை நடத்தியவரும் அந்த எழுவரில் இருந்தனர். முடிவு என்ன? அக்டோபர் 13ஆம் நாள் பொதுப்பேரவை அன்டோனியோ குட்டெரெசை நியமித்தது. ஒன்பதாமவரும் ஆடவரே!

அவருடைய தகுதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். எட்டே நாட்கள் கழிந்தன. அக்டோபர் 21ஆம் நாள், பெண்கள், சிறுமியர் ஆகியோரின் உரிமை முன்னேற்றத்துக்காக அதே மன்றம் ஒரு கௌரவத் தூதரை அறிவித்தது. யார் அந்தத் தூதர்? சிறைக் கொட்டடி கண்ட போராளியா? பள்ளிக்குச் செல்லும் உரிமைக்காகக் குண்டடி பட்ட சிறுமியா? பட்டினியோடு போராடும் பாட்டாளித் தாயா? இல்லை, இல்லை! வொண்டர் உமன்! அமெரிக்கப் படக்கதைகளில் வரும் அற்புத மங்கை! மார்பை இறுக்கிய சிவப்புக் கச்சு, தொடை தெரியும் விண்மீன் பொறித்த சிற்றுடை, காலில் உயர்ந்த காலணி. காகிதத்தில் பிறந்து காகிதத்தில் வாழும் கற்பனைப் பாவை!

உயிருள்ள பெண்களுக்கு நாற்காலி இல்லை. உயிரற்ற பாவைக்குப் பட்டம் உண்டு. என்னே நீதி!

அறிவிப்பு விழா நடந்தபோதே மன்றத்தின் ஊழியர் சிலர் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி மௌனமாக நின்றனர். எதிர்ப்பு மனுவில் ஏறத்தாழ 45,000 பேர் ஒப்பமிட்டனர். டிசம்பர் 16ஆம் நாள், இரண்டு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், அந்தத் தூதர் பதவி முடிவுக்கு வந்தது. முதுகைக் காட்டிய அந்த ஊழியர்கள் கோழைகள் அல்லர். அன்று அந்த மண்டபத்தில் நிமிர்ந்து நின்றவர்கள் அவர்களே.

இந்தப் பாவையின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1941இல் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்னும் உளவியல் அறிஞர் இவளைப் படைத்தார். பெண்ணின் ஆற்றலை உலகுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1942இல் நீதிக்கழகம் என்ற பெயரில் கூடிய ஆடவர் வீரர்கள் அவளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டபோது, கதை எழுதியவர் அவளுக்குக் கொடுத்த பதவி என்ன தெரியுமா? செயலாளர் வேலை! ஆடவர் களம் நோக்கிப் புறப்படுவர். அவர்களைவிட ஆற்றல் மிக்கவள் பின்தங்கி அலுவலைக் கவனிப்பாள். 1968இல் அவளுடைய ஆற்றல்களையே பறித்தனர். துணிக்கடை நடத்த வைத்தனர். 1972 ஜூலையில் மிஸ் என்னும் பெண்ணுரிமை ஏடு அவளைத் தன் அட்டையில் பதித்துக் குரல் கொடுத்தது. 1973இல் ஆற்றல் திரும்பி வந்தது. கற்பனைப் பெண்ணுக்குக்கூட, தோழர்களே, கிளர்ச்சி செய்துதான் உரிமையை மீட்க வேண்டியிருந்தது!

ஆற்றல் வந்தது; ஆடை வந்ததா? 1938இல் பிறந்த சூப்பர்மேன் கழுத்து முதல் கால்வரை மூடிய உடையோடுதான் பறக்கிறான். குண்டு துளைக்காத உடல் அவனுக்கு! அவனுக்கு முழு உடை. வாள்முனையில் நிற்கும் நங்கைக்கோ நீச்சல் உடை. கவசம் உடலைக் காக்க வேண்டும் என்பது போர்க்களத்தின் இலக்கணம். உடலைக் காட்ட வேண்டும் என்பது கடைத்தெருவின் இலக்கணம்.

‘ஆண் வீரனும் சட்டையைக் கழற்றித் தோள் காட்டுகிறானே, அதற்கென்ன சொல்வீர்?’ என்று கேட்பார் உண்டு. சொல்வோம். அவனுடைய திரண்ட தோளைப் பார்க்கும் இளைஞன், ‘இவனைப்போல் ஆக வேண்டும்’ என்று எண்ணுகிறான். அவளுடைய திறந்த தோளைப் பார்ப்பவன், ‘இவளை அடைய வேண்டும்’ என்று எண்ணுமாறு படம் எடுக்கப்படுகிறது. அங்கே உடல் ஆற்றலின் அடையாளம். இங்கே உடல் விற்பனைச் சரக்கு. அந்த ஆணுக்கும் ஒரு விலங்கு பூட்டப்பட்டிருக்கிறது. அழாதே, அஞ்சாதே, எதையும் முட்டியால் முடி என்பதே அது. ஆயினும் அவன் அணிவது ஆள்வோனின் விலங்கு. அவள் அணிவது ஆளப்படுவோளின் விலங்கு.

கதையின் தேவையா இது? அன்று! 2017இல் இரண்டு படங்கள் வந்தன. பாட்டி ஜென்கின்ஸ் என்னும் பெண் இயக்கிய வொண்டர் உமன் படத்தில் அமேசான் வீராங்கனைகள் உடல் காக்கும் தோற்கவசம் பூண்டு போரிட்டனர். சில மாதங்களில், அதே நிறுவனம் வெளியிட்ட ஜஸ்டிஸ் லீக் படத்தில் அதே வீராங்கனைகள் சிலரின் கவசம் வயிற்றைவிட்டு விலகிச் சுருங்கிக் கிடந்தது, கண்டனம் எழுந்தது. நாடு அதே நாடு, குலம் அதே குலம், போர் மட்டும் வேறு. இயக்கியவர் ஓர் ஆண். பார்க்கும் கண் மாறியது, கவசம் கரைந்தது!

கண்ணுக்குப் பின்னால் இருப்பது கல்லாப்பெட்டி. 2015இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் பிளாக் விடோ என்னும் வீராங்கனை வானூர்தியிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்கிறாள். அந்தக் காட்சியைப் பொம்மையாக்கி விற்றபோது வண்டியில் அமர்ந்திருந்தவன் கேப்டன் அமெரிக்கா! பாய்ந்தவள் அவள், பெயர் அவனுக்கு. 2013இல் வந்த அயர்ன் மேன் 3 படத்தின் முதன்மைப் பகைவர் பாத்திரம் முதலில் பெண்ணாகவே எழுதப்பட்டது என்றும், பெண் பொம்மை விற்காது என்று கருதி ஆணாக மாற்றப்பட்டது என்றும் இயக்குநர் ஷேன் பிளாக்கே 2016இல் கூறினார். பெண்ணின் வீரத்தை அளக்கும் கோல் பொம்மை வணிகனின் கையில் இருக்கிறது!

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பாவைகளைக் காட்டி, ‘பார்த்தீர்களா, பெண் போர்த்திக்கொண்டு அடங்கியிருப்பதே பண்பாடு’ என்று கிளம்பும் பழமைவாதிகள் நம் தோழர்கள் அல்லர். ‘போர்த்திக்கொள்’ என்பவனும் ‘திறந்து காட்டு’ என்பவனும் ஒரே மூங்கிலின் இரு முனைகள். இருவரும் அவளைக் கேட்காமலேயே அவள் உடலுக்கு ஆணை பிறப்பிக்கிறார்கள். நாம் கேட்பது துணியின் நீளத்தையன்று. ஆணையிடும் உரிமை யார் கையில் என்பதையே.

கல்விக்கு ஒரு தேவி, செல்வத்துக்கு ஒரு தேவி, வீரத்துக்கு ஒரு தேவி என்று பீடத்தில் ஏற்றிவிட்டு, வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளியையும் சொத்தையும் மறுத்த பழைய தந்திரத்தை நாம் அறிவோம். படிமத்துக்கு மாலை, பெண்ணுக்கு மறுப்பு! நியூயார்க்கில் அரங்கேறியதும் அதே தந்திரம்தான். உடை மட்டும் புதிது.

ஆகவே, வீராங்கனை ஒருத்தியைத் திரையில் காணும்போது கைதட்டுங்கள். தட்டுமுன் மூன்று வினாக்களைத் தொடுங்கள். அவள் கதையை எழுதியது யார்? அவள் உடையை முடிவு செய்தது யார்? அவள் பெயரால் வந்த பணம் எங்கே போகிறது? இந்த மூன்று இடங்களிலும் பெண்கள் அமரும் நாளில்தான் அவள் கையிலிருக்கும் வாள் மெய்யான வாள். அதுவரை அது அட்டைக் கத்தியே!

பாவைக்குப் பட்டம் போதும். பாவையருக்கு நாற்காலி வேண்டும்!