பதவி உயர்வும் பனிமலையும்

1962 தோல்வியைப் பற்றிப் பேசுவோர் சீனரின் துரோகத்தையே பேசுகின்றனர். எனக்கோ 1959 ஆகஸ்ட் 31-ஆம் நாள்தான் நினைவுக்கு வருகிறது. தரைப்படைத் தலைவர் ஜெனரல் திம்மய்யா அன்று பதவி விலகல் கடிதம் எழுதினார். பதவி உயர்வுகளில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் தலையிட்டதும் அதற்கொரு காரணம். நேரு அழைத்துப் பேசினார்; கடிதம் திரும்பப் பெறப்பட்டது. குறை அப்படியே நின்றது.

1962 அக்டோபரில் புதிய 4-வது கோர் படைக்குத் தளபதியானார் லெப்டினன்ட் ஜெனரல் கவுல். சுறுசுறுப்பானவர்தாம், மறுக்கவில்லை. ஆனால் போரில் படை நடத்திய அனுபவம் அவருக்கு ஏது? ஆட்சேபித்த லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங்கிடமிருந்து அப்பகுதியின் பொறுப்பையே எடுத்துவிட்டனர்! நாம்கா சூ ஆற்றங்கரையில், பருத்தி உடுப்போடு, போதிய தோட்டாவின்றி நின்றது பிரிகேடியர் தால்வியின் 7-வது பிரிகேட். அக்டோபர் 20 விடியலில் சீனர் பாய்ந்தபோது கவுல் டெல்லியில் நோய்ப்படுக்கையில் இருந்தார். ஜவான்கள் செத்தார்கள், தால்வி சிறைப்பட்டார்.

இத்தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் அளிக்கப்பட்டது. அரசு அதை இன்றுவரை வெளியிடவில்லை. நாங்கள் ஒரு பாடத்தில் தவறினால் மட்டும் மறுநாளே பலகையில் ஒட்டிவிடுகிறார்கள்.