வாடல் நோய்: ‘எதிர்ப்பு ரகம்’ எந்த ஊருக்கு?

கொண்டைக்கடலை விதைப் பையில் ‘வாடல் நோய் எதிர்ப்பு ரகம்’ என்று அச்சிட்டிருந்தால் நம்பி வாங்குகிறோம். பக்கத்து மாவட்டத்தில் நன்றாக விளைந்த அதே ரகம் நம் வயலில் பூப்பதற்கு முன்பே வாடினால், விதை போலி என்கிறோம். அல்லது தண்ணீரைக் குறை சொல்கிறோம். காரணம் மண்ணில் உள்ள பூஞ்சாணமாகவும் இருக்கலாம்.

இந்நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சாணம் ஒரே இனம் அல்ல. இக்ரிசாட் விஞ்ஞானிகள் ஹவாரே, நெனே இருவரும் ஹைதராபாத், கான்பூர், குர்தாஸ்பூர், ஹிசார் பகுதிப் பூஞ்சாணங்கள் நான்கு தனித்தனி இனங்கள் என்று 1982-ல் எடுத்துக்காட்டினர். உலக அளவில் இப்போது எட்டு இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஓர் இனத்தைத் தாங்கும் ரகம் மற்றோர் இனத்திடம் தோற்றுவிடலாம். ஒரே மாநிலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதும் பின்னர் தெரியவந்தது.

கர்நாடகத்தில் பல ஆண்டுகள் கோலோச்சிய அன்னிகேரி 1 ரகம் வாடல் நோய்க்கு ஆட்பட்டது. டபிள்யூஆர் 315 என்ற ரகத்தின் எதிர்ப்புத் திறனை அதில் சேர்த்து 2019-ல் சூப்பர் அன்னிகேரி 1 வெளியிடப்பட்டது. அது நான்காம் இனத்தைக் குறிவைத்து உருவாக்கப்பட்டது. எனவே, எந்த ரகத்தையும் வாங்கும் முன் அது எந்தப் பகுதியில், எந்த இனத்துக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

பயிரை மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் முழு உண்மை அல்ல. கடலையே இல்லாவிட்டாலும் இப்பூஞ்சாணம் மண்ணில் ஆறு ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். துவரை, பட்டாணி, மைசூர்ப் பருப்புச் செடிகளில் நோய் அறிகுறி காட்டாமலே தங்கியும் இருக்கும். விதை மூலமாகவும் பரவும். ஆகவே, நோய் கண்ட வயலில் எடுத்த கடலையை விதைக்கு வைக்கக் கூடாது.

வாடிய செடியைப் பிடுங்கித் தண்டையும் வேரையும் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வேர் வெளியே நன்றாக இருந்து, உள்ளே கரும்பழுப்புக் கோடு ஓடினால் அது வாடல் நோய். வேர் காய்ந்து எளிதில் முறிந்தால் அது வேரழுகல். தண்ணீர்ப் பற்றாக்குறையில் அந்தக் கோடு இராது.

விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்யலாம். இது தொடக்கப் பாதுகாப்பு மட்டுமே. புதிய ரகத்தை முதல் ஆண்டில் சிறு பரப்பில் விதைத்துப் பார்ப்பது நல்லது.

ரகம் தோற்றுப்போன வயல்களின் செடிகளை விரிவாக்கப் பணியாளர்கள் வேளாண் அறிவியல் நிலையம் வழியாகப் பல்கலைக்கழக நோயியல் துறைக்கு அனுப்ப வேண்டும். மாவட்டவாரியாக எந்த இனம் உள்ளது என்ற விவரம் விவசாயிக்குக் கிடைத்தால், ரகப் பரிந்துரையும் மாவட்டத்துக்கு ஏற்ப மாறும். விதைப் பையிலும் வெறும் ‘எதிர்ப்பு ரகம்’ என்பதோடு, எந்த இனத்துக்கு என்பதையும் அச்சிட வேண்டும்.